‘இப்போதைக்கு’ என்னும் இரண்டகம்
(‘ஏற்றம்’ என்னும் திரைப்படம் பற்றிய உரை)

 

இன்றைய உரைக்குப் பொருளாக அமைவது ஒரு திரைப்படம். தனித்தமிழ் அரங்கில் திரைப்படத்திற்கு என்ன வேலை என்று பெரியோர் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். சுளிப்பதில் தவறில்லை, இந்நாட்டுத் திரைப்படம் தமிழுக்குச் செய்துள்ள கேடு சிறிதன்று. ஆயினும், கூத்தும் நாடகமும் தமிழின் ஒரு கூறென்று கொண்ட இனத்தார், அயல்நாட்டுப் படமொன்று மாந்தனின் மானத்தை எடைபோட்டுப் பார்க்கும்போது அதனைக் காணாமல் ஒதுக்குதல் தகாது.

அப்படம் 1977-ஆம் ஆண்டு சோவியத்து நாட்டில் கருப்பு வெள்ளையில் எடுக்கப்பெற்று வெளிவந்தது. அதன் உருசியப் பெயரைத் தமிழாக்கினால் ‘ஏற்றம்’ எனலாம். இயக்கியவர் இலாரிசா செப்பித்கோ என்னும் பெண்மணி. உக்கிரேன் மண்ணிற் பிறந்தவர். கதையை எழுதியவர் பெலாருசு நாட்டின் தலைசிறந்த எழுத்தாளராகிய வாசில் பிக்கவு. 1970-இல் அவர் வெளியிட்ட ‘சோத்னிக்கோவ்’ என்னும் குறும்புதினமே இப்படத்திற்கு மூலம்.

கதைக்குள் நுழையுமுன் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாகல் வேண்டும். ‘துரோகம்’ என்னும் வடசொல்லை நாளிதழ்களும் மேடைகளும் நாள்தோறும் வாரியிறைக்கின்றன. அதற்கு ஈடாக நம் நாட்டுப்புறத்துப் பாட்டியர் வாயில் இன்றும் வழங்கும் சொல் ஒன்றுண்டு: இரண்டகம். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதே என்பர். வடசொல் செயலை மட்டுமே சுட்டுகின்றது. தமிழ்ச்சொல்லோ செயலுக்கு முன்னதாக நெஞ்சுக்குள் நிகழ்வதைக் காட்டுகின்றது. அகம் இரண்டுபடுகிறது; ஒன்று தன்னவரோடு நிற்க, மற்றொன்று மெல்ல நழுவுகின்றது. இரண்டு மணிநேரத்திற்குச் சற்றுக் குறைந்த அப்படம் காட்டுவது இவ்வொன்றைத்தான்.

பெலாருசு நாட்டின்மேல் செருமானியப் படை 1941 சூன் 22-ஆம் நாள் பாய்ந்தது. ஒருசில கிழமைகளில் நாடு முழுமையும் பகைவன் காலடிக்குள் வந்தது. 1944 கோடைவரை அவ்வன்கவர்வு நீடித்தது. அந்நாட்டு மக்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் அப்போரில் மாண்டனர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. யூதர்களோ அடியோடு அழிக்கப்பெற்றனர். கத்தீன் என்னும் சிற்றூரில் 1943 மார்ச்சு 22-ஆம் நாள் ஊராரைக் களஞ்சியம் ஒன்றில் அடைத்துத் தீ வைத்தனர். 149 பேர் மாண்டனர். அவருள் 75 பேர் குழந்தைகள். நெஞ்சில் முள்ளாய்த் தைக்கும் செய்தி வேறொன்று. அக்கொலையைச் செய்தோர் அனைவரும் செருமானியர் அல்லர். பகைவனின் சீருடை அணிந்து கூலிப்படையாய் நின்ற சோவியத்து நாட்டவர் பலர் அத்தீயைச் சூழ்ந்து நின்றனர். ஊர்க்காவலர், ஊர்த்தலைவர், உசாவல் அலுவலர் எனப் பகைவனின் ஆட்சிப்பொறி உள்நாட்டார் கைகளாலேயே சுழன்றது. ஆகவே அங்குப் போர் என்பது எல்லைக்கோட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று. ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் நிகழ்ந்தது.

இனிக் கதை. கொடும் பனிக்காலம். காட்டுக்குள் கரந்தடிப் போராளிகள் சிலர்; அவர்களோடு பெண்டிரும் பிள்ளைகளும். உணவில்லை. கையளவு கூலமணியைப் பங்கிட்டு மெல்லுகின்றனர். உணவு தேடிவர இருவர் புறப்படுகின்றனர். ஒருவன் இரிபாக், உழவர்குடியினன், உடல்வலி மிக்கவன், காட்டையும் பனியையும் நன்கறிந்தவன். மற்றவன் சோத்னிக்கோவ், போருக்கு முன் பள்ளியாசிரியனாய் இருந்தவன், இப்போது நெஞ்சுச்சளியால் நலிந்து ஓயாமல் இருமுகின்றவன். நோயாளி ஏன் புறப்பட்டான்? உடல்நலம் உள்ள பிறர் தட்டிக்கழித்தனர். அதனால் அவன் தட்டிக்கழிக்கவில்லை. (பெயர்களின் பொருளும் கருதத்தக்கது. உருசியத்தில் ‘இரிபாக்’ என்றால் மீனவன். ‘சோத்னிக்’ என்றால் நூற்றுவர்க்குத் தலைவன். ஏசுவின் கதையிலும் மீனவர் உண்டு, நூற்றுவர் தலைவனும் உண்டு. எழுத்தாளர் இதனைக் கருதித்தான் பெயரிட்டாரா என்பதை ஆய்வோர் முடிவுசெய்யட்டும்.)

அவர்கள் நாடிச்சென்ற பண்ணை எரிந்து கரியாய்க் கிடக்கின்றது. அடுத்த ஊரில் செருமானியரால் அமர்த்தப்பெற்ற ஊர்த்தலைவரின் வீட்டுக்குள் நுழைகின்றனர். கிழவர் விளக்கடியில் அமர்ந்து திருமறை படித்துக்கொண்டிருக்கின்றார். ‘பகைவனுக்கு ஊழியஞ் செய்பவன்’ என்று அவரை ஏசிவிட்டு, ஓர் ஆட்டைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகின்றனர். வழியிலே பகைவரின் சுற்றுக்காவற் படை எதிர்ப்படுகின்றது. சோத்னிக்கோவின் காலில் குண்டு பாய்கின்றது. உயிரோடு பிடிபடக் கூடாதென்று காலணியைக் கழற்றிக் கால்விரலால் துமுக்கியின் விசையை அழுத்தித் தன்னைச் சுட்டுக்கொள்ள முனைகின்றான்.

அவனை மீட்டவன் யார் தெரியுமா? இரிபாக்! தப்பியோடியவன் திரும்பி வருகின்றான். பனியில் தவழ்ந்து, நண்பனை இழுத்து, மூச்சுத் திணறத் திணறச் சுமந்து காப்பாற்றுகின்றான். இக்காட்சி மிக நீளமானது. படத்தை ஆக்கியவரின் நேர்மை இங்கே விளங்குகின்றது. பின்னர்க் காட்டிக்கொடுக்கப் போகின்றவனைத் தொடக்கத்திலேயே கோழையாகவும் கயவனாகவும் காட்டிவிட்டால் பார்ப்போர்க்கு எளிதாய்ப் போகும். ‘அவன் வேறு, நாம் வேறு’ என்று இருக்கையில் சாய்ந்துகொள்வர். செப்பித்கோ அவ்வாய்ப்பைத் தரவில்லை. இரிபாக் துணிவுள்ளவன், நட்புக்காக உயிரைப் பணயம் வைத்தவன். அத்தகையவனே வீழ்கின்றான். களத்தில் காட்டும் மறம் வேறு. தன்னந்தனியே பகைவன் மேசைமுன் நிற்குங்கால் வேண்டப்படும் உறுதி வேறு.

மூன்று பிள்ளைகளின் தாயான தெம்சீகா என்பாளின் வீட்டுப் பரணில் இருவரும் ஒளிகின்றனர். சோத்னிக்கோவின் இருமல் காட்டிக்கொடுத்துவிடுகின்றது. சுடப்போவதாகக் காவலர் மிரட்டியதும் இரிபாக் எழுந்து சரணடைகின்றான். தெம்சீகாவும் பிடிபடுகின்றாள், பிள்ளைகள் அலறப் பனிச்சறுக்கு வண்டியில் மூவரும் ஏற்றப்படுகின்றனர்.

உசாவல் அலுவலன் போர்த்னோவ். செருமானியன் அல்லன், அதே நாட்டான், படித்தவன், நயமாகப் பேசக்கூடியவன். அனத்தோலி சொலனீத்சின் என்னும் பெருநடிகர் இவ்வேற்றத்தை நடித்துள்ளார். போர்த்னோவுக்கு வேண்டியது செய்தி மட்டுமன்று. மாந்தன் என்பவன் அச்சத்தின் மூட்டை, உயிருக்கு முன் கொள்கையெல்லாம் வெறுஞ்சொல் என்று மெய்ப்பிக்க வேண்டியிருக்கின்றது அவனுக்கு. ஏன்? அது பொய்யானால் அவன் தன் முகத்தைத் தானே பார்க்க முடியாது. விலைபோனவன் ஒவ்வொருவனும் பிறரும் விலைபோக வேண்டுமென்று விரும்புவதன் கரணியம் இதுவே. சோத்னிக்கோவ் வாய்திறக்கவில்லை. காய்ச்சிய இரும்பால் அவன் நெஞ்சில் விண்மீன் வடிவத்தில் சூடிடுகின்றனர். அப்போதும் திறக்கவில்லை.

இரிபாக்கின் முறை வருகின்றது. அவனுக்குச் சூடில்லை, அடியில்லை. அவனே பேசுகின்றான், கொஞ்சம் உண்மை, கொஞ்சம் பொய். ‘இவனை ஏய்த்துவிடலாம், இப்போதைக்குத் தலையாட்டுவோம், உயிர் தப்பினால் அன்றோ மீண்டும் போராட முடியும்?’ என்பது அவன் கணக்கு. காவற்படையில் சேர்ந்துகொள் என்கிறான் போர்த்னோவ். இரிபாக் உடனே ஒப்பவுமில்லை, மறுக்கவுமில்லை. இந்த ‘இப்போதைக்கு’ என்னும் ஒரு சொல்லில்தான் அகம் இரண்டாகின்றது. காட்டிக்கொடுக்க எண்ணியவன் அல்லன் அவன். பிழைக்க எண்ணினான். பிழைப்பதற்கென்று ஓரடி வைத்தான்; அடுத்த அடியைப் பகைவன் வைக்கச் செய்தான்; மூன்றாவது அடியை வைத்தது அவன் கால்தானா என்பதும் அவனுக்குப் புலப்படவில்லை.

அன்றிரவு நிலவறையில் ஐவர். சோத்னிக்கோவ், இரிபாக், தெம்சீகா, ஊர்த்தலைவரான அக்கிழவர், பாசியா என்னும் யூதச் சிறுமி. கிழவர் எப்படி வந்தார்? போராளிகள் தம் வீட்டுக்கு வந்துசென்றதை அவர் அறிவிக்கவில்லை, அதுவே குற்றம்! எவரைப் பகைவனின் ஆள் என்று ஏசினார்களோ அவர் தம்மவரைக் காட்டிக்கொடாமல் சாவுக்கு வந்து நிற்கின்றார், ஏசியவனோ விலைபோய்க்கொண்டிருக்கின்றான். பாசியாவைத் தமக்கு ஏதங்கருதாது ஒளித்துவைத்தவர் எவரென்று கேட்டுக் கேட்டும் சிறுமி சொல்லவில்லை. படத்தின் உயிர்நிலை இந்த இரவு. இங்கே போர் முழக்கமில்லை, குண்டில்லை. மங்கிய ஒளியில் முகங்கள் மட்டுமே. சோத்னிக்கோவ் கடவுள் நம்பிக்கையற்ற பொதுவுடைமையன். கிழவர் திருமறை படிக்கும் பழுத்த சமயத்தார். சிறுமியோ வேறு மறையினள். மூவரும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றனர். நம்பிக்கை என்பது எந்நூலை ஓதுகிறோம் என்பதில் இல்லை. தன்னுயிரைவிடப் பெரிதென ஒன்றை உளமாரக் கொண்டிருக்கிறோமா என்பதில் இருக்கின்றது என்று இந்நிலவறை காட்டுகின்றது. ‘நானும் நீயும் ஒத்துப் பொய் சொன்னால் தப்பலாம்’ என்று இரிபாக் கெஞ்சுகின்றான். அந்தச் சேற்றில் கால்வைக்க வேண்டா என்பதே நண்பனின் விடை.

இவ்விடத்தில், சிறைக்கோட்டத்தில் தண்ணீர் கேட்டுக் காலந்தாழ்த்துத் தரப்பெற்றதனால் அதனைப் பருகாது துஞ்சிய சேரமான் கணைக்கால் இரும்பொறையின் நினைவு தமிழர்க்கு வாராமற் போகாது. புறநானூற்றின் 74-ஆம் பாட்டு அவன் பெயரால் நிற்கின்றது. ஆனால் ஒரு வேற்றுமையுண்டு. அவன் அரசன், தன் குடிப்பிறப்பின் பெருமை அவனைத் தாங்கிற்று. சோத்னிக்கோவ் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன். தாங்குவதற்கு அவனுக்கு அரசகுடி இல்லை. வள்ளுவப் பெருந்தகை மானத்திற்கெனத் தனியதிகாரம் வகுத்தது அரசர்க்கு மட்டுமன்று என்பதற்கு இவ்வாசிரியன் சான்று.

விடிகின்றது. குற்றமெல்லாம் தன்னுடையதே, பிறரை விட்டுவிடுங்கள் என்று சோத்னிக்கோவ் முன்வருகின்றான். பகைவர் பொருட்படுத்தவில்லை. தூக்குமரத்துக்கு நடத்திச் செல்கையில் இரிபாக் கத்துகின்றான்: காவற்படையில் சேர அணியமாய் உள்ளான்! அவனை வரிசையிலிருந்து விலக்குகின்றனர். நான்கு கயிறுகள். ஊரார் கட்டாயமாய்க் கூட்டிவரப்பட்டு நிற்கின்றனர். கழுத்தில் கயிறு மாட்டப்பெற்ற சோத்னிக்கோவின் கண்கள் கூட்டத்திலுள்ள ஒரு சிறுவனின் கண்களைச் சந்திக்கின்றன. சிறுவன் அழுகின்றான். ஆசிரியன் புன்னகைக்கின்றான். அவன் நடத்திய கடைசிப் பாடம் அது. அதற்குச் சொல் தேவைப்படவில்லை. அவன் நிற்கும் மரக்கட்டையின் அருகில் நிறுத்தப்பெற்றிருப்பவன் யார்? பனியில் அவனைச் சுமந்து காத்த அதே இரிபாக்.

திரும்பும் வழியில் மூதாட்டி ஒருத்தி இரிபாக்கை நோக்கி, ஏசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசின் பெயரால் ஏசுகின்றாள். ஓடிவிடலாமா என்று எண்ணுகின்றான்; எண்ணிய கணமே தான் சுடப்பட்டு வீழ்வது மனக்கண்ணில் தோன்றுகின்றது. ஒதுக்குப்புறக் கழிப்பிடத்தில் இடுப்புவாரால் தூக்கிட்டுக்கொள்ள முயல்கின்றான்; அதுவும் கைகூடவில்லை. வாயிற்கதவு திறந்திருக்கின்றது; வெளியே பனிவெளி, காடு, தொலைவில் விடுதலை. அவன் மண்டியிட்டு அழுகின்றான். கதவு திறந்துதான் இருக்கின்றது. போகத்தான் இடமில்லை.

இனி, இப்படம் உருவான வரலாறு. மூரோம் என்னும் நகரைச் சுற்றி, உறைநிலைக்குக் கீழ் நாற்பது பாகைவரை இறங்கிய குளிரில் படமாக்கினர். நடிகர் முகத்தில் காணும் பனி ஒப்பனையன்று. முதன்மை வேடம் ஏற்ற போரிசு பிளோத்னிக்கோவும் விளாதிமிர் கொசுத்தியூக்கினும் அப்போது திரைக்குப் புதியவர். படம் முடிந்தபோது தடை வருமென்ற அச்சம் எழுந்தது. பொதுவுடைமை ஆட்சியில் போராளியை ஏசுவைப்போற் காட்டுவதா என்று மேலிடத்தார் ஐயுற்றனர். பெலாருசுக் கட்சியின் முதற்செயலாளர் பியோத்தர் மாசெரவுக்குப் படம் காட்டப்பட்டது. அவர் போர்க்காலத்தில் கரந்தடிப் படையை நடத்தியவர். போருக்குமுன் பள்ளியில் கணக்கும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர். அவருடைய தாயைச் செருமானியர் கொன்றிருந்தனர். அவர் கண்ணீர் விட்டார். படம் வெளிவந்தது. அவ்வாண்டே பெர்லின் திரைவிழாவில் பொற்கரடிப் பரிசு பெற்றது. எந்நகரிலிருந்து அப்போர் தொடங்கிற்றோ அந்நகரில்! செப்பித்கோ ஈராண்டுக்குள், 1979 சூலை 2-ஆம் நாள், அடுத்த படத்தின் பணியிடையே ஊர்திநேர்ச்சியில் தம் 41-ஆம் அகவையில் மறைந்தார்.

இதுகாறும் சொன்னது படத்தைப் பற்றி. படம் சொல்லாத ஒன்றும் உண்டு. தமிழியக்கத்தார் காதில் விழவேண்டுவது அதுவே. பெலாருசின் உழவர்குடிக் கதையைச் சொல்லும் இப்படம் உருசிய மொழியில் பேசுகின்றது. பிக்கவு தம் வாழ்நாளெல்லாம் பெலாருசிய மொழியில் எழுதியவர். ‘சோத்னிக்கோவ்’ முதலில் அச்சேறியதோ 1970-இல் மாசுக்கோவின் ‘நோவி மீர்’ இதழில், உருசிய மொழிபெயர்ப்பாக! தாய்மொழியில் எழுதிய மூலம் அதே ஆண்டின் பிற்பகுதியில்தான் மின்சுக்கு நகர இதழில் வந்தது. தாயைப் பின்தள்ளி நிழல் முந்திக்கொண்டது.

அந்நிலை ஒருநாளில் வந்ததன்று. 19-ஆம் நூற்றாண்டில் சார் மன்னராட்சி அம்மொழி நூல்கள் அச்சேறுவதைத் தடுத்தது. பாவலர் பிரான்சீசக் பகுசேவிச் 1891-இல் தம் பாத்தொகுதியை அயலாட்சிக்குட்பட்ட கிராக்கோவ் நகரில் அச்சிட நேர்ந்தது; தாய்மொழியைக் கைவிட்ட இனம் மாளும் என்று அதன் முன்னுரையில் தம் மக்களை எச்சரித்தார். 1933-இல் எழுத்து முறையைத் திருத்துவதாகச் சொல்லி உருசியத்தோடு நெருங்க வைத்தனர். 1937 அக்குத்தோபர் 29-ஆம் நாளிரவு மின்சுக்கில் நூற்றுக்கு மேற்பட்ட பெலாருசிய அறிஞரும் எழுத்தாளரும் சுட்டுக்கொல்லப்பட்டனர். செய்தது அயற்படை அன்று. அந்நாட்டை ஆண்ட அரசே.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் மறைத்தல் கூடாது. 1941-க்குப்பின் செருமானிய ஆட்சி, தன் ஆதாயங்கருதிப் பெலாருசிய மொழிப் பள்ளிகளுக்கும் இதழ்களுக்கும் இடங்கொடுத்தது. மொழிப்பற்று மிக்கவர் சிலர் அவ்வலையில் விழுந்தனர். ‘இப்போதைக்கு இவனோடு சேர்வோம், மொழி வாழட்டும்’ என்றனர். இரிபாக்கின் அதே சொல்! யூதர்களை ஒழித்த கையால் தந்த பள்ளிக்கூடத்தை ஏற்றனர். மொழிவளர்ச்சிக்கு இடந்தந்தவனாகச் சொல்லப்பெற்ற செருமானிய ஆளுநன் கூபே 1943 செப்தம்பரில், அவன் வீட்டு வேலையாளாயிருந்த பெலாருசியப் பெண் எலேனா மசானிக் படுக்கையில் வைத்த குண்டால் மாண்டான். போர் முடிந்தபின், தாய்மொழியை உயர்த்திப் பேசியவரையெல்லாம் ‘பகைவனின் ஆள்’ என்று பழிசுமத்த அச்சிலரின் செயல் ஆள்வோர்க்கு வாய்ப்பாயிற்று. மொழிக்காகச் செய்த இரண்டகம் மொழியின் கழுத்துக்கே சுருக்காயிற்று.

அதன்பின் வன்முறையும் தேவைப்படவில்லை. பிள்ளை எம்மொழியிற் பயில்வது என்பதைப் பெற்றோர் விருப்பத்துக்கு விடும் சட்டம் 1950-களின் இறுதியில் வந்தது. உருசியம் படித்தால் வேலை. பெலாருசியம் நாட்டுப்புறத்தான் பேச்சு. ‘பிள்ளை இப்போதைக்குப் பிழைக்கட்டும்’ என்று பெற்றோரே நகரங்களில் தாய்மொழிப் பள்ளியைக் காலியாக்கினர். (கேட்டுக்கொண்டிருக்கும் தமிழ்ப் பெற்றோர்க்கு இவ்விடத்தில் உரை விளக்கம் தேவைப்படாது.) 1990-இல் பெலாருசியம் ஒன்றே ஆட்சிமொழி எனச் சட்டம் செய்தனர். ஐந்தே ஆண்டில், 1995 மே 14-ஆம் நாள் வாக்கெடுப்பில், உருசியத்தையும் அதற்கு இணையாக அமர்த்தினர். இணை என்பது ஏட்டளவில். ஒன்றிய நாடுகளின் பண்பாட்டு அமைப்பு 2009-இல் வெளியிட்ட மொழிப்பட்டியலில் பெலாருசியம் இடருக்குள்ளாகும் மொழிகளுள் ஒன்றாயிற்று.

பிக்கவு என்ன செய்தார்? பிறர் செய்த மொழிபெயர்ப்பு மனநிறைவு தராமையால் தாமே உருசியத்தில் ஆக்கித் தந்தார், மூலத்தை மட்டும் தாய்மொழியிலேயே எழுதினார், கடைசிவரை மாற்றவில்லை. 1944 சனவரியில் அவர் போர்க்களத்தில் மாண்டதாகத் தாய்க்கு ஓலை போயிற்று. பொதுக்கல்லறையில் அவர் பெயரும் பொறிக்கப்பட்டது. செத்தவராக எழுதப்பெற்றவர் அதன்பின் ஏறத்தாழ அறுபதாண்டு வாழ்ந்து எழுதினார். ஆட்சியாளரோடு முரண்பட்டு, முதுமையில் பின்லாந்து, செருமனி, செக்கு நாடு என அலைந்து, 2003-இல் தாய்நாடு திரும்பிய சின்னாட்களில், சூன் 22-ஆம் நாள் மறைந்தார். பகைவர் படையெடுத்த அதே நாள்.

இக்கதை தமக்கு எப்படிக் கிடைத்தது என்பதையும் அவரே சொல்லியுள்ளார். 1944 ஆகத்து மாதம்; உருமேனியக் களம். பிடிபட்ட பகைப்படையினரிடையே, செருமானியரின்கீழ்ப் போரிட்ட தம் நாட்டவர் சிலரும் நின்றனர். அவருள் ஒரு முகம் தெரிந்த முகம். முன்பு தம்மோடு ஒரே படைப்பிரிவில் இருந்தவன். மாண்டானென்று எல்லாரும் நம்பியிருந்தவன். காயப்பட்டுச் சிறைப்பட்டவன் சாவிலிருந்து தப்புவதற்காகப் பகைவனின் படையில் பெயர்கொடுத்திருந்தான். வாய்ப்பு வந்ததும் ஓடிவந்துவிடலாம் என்றுதான் எண்ணியிருந்தான். அவ்வாய்ப்பு இன்று வரும், நாளை வருமென்று நாள்கள் கழிந்தன. அவனை வரிசையோடு கூட்டிச் சென்றனர். பிக்கவு இருபத்தாறு ஆண்டுகள் கழித்து அம்முகத்தை எழுதினார்.